ஒற்றைக் குண்டும் ஐந்து ரவைகளும்: கூப்பரின் 'தி பயனியர்ஸ்' புதினத்தில் மான் வேட்டையும் இரு சட்டங்களும்

ஆய்வுச்சுருக்கம்

ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பரின் 'தி பயனியர்ஸ்' (1823) புதினத்தின் முதல் இயல் ஒரு மானைச் சுட்டவர் யார் என்னும் வழக்கோடு தொடங்குகிறது. வேட்டைக்காரர் நேட்டி பம்ப்போ இயற்கையின் பக்கமும் நீதிபதி மார்மடியூக் டெம்பிள் சட்டத்தின் பக்கமும் நிற்பதாகக் கொண்டு இப்புதினத்தை வாசிப்பது வழக்கம். நேட்டியும் ஒரு சட்டத்தை முன்மொழிகிறார் என்பதையும், அது வேட்டைக் கருவி பற்றிய சட்டம் என்பதையும், அச்சட்டத்தின் வலிமையையும் வரம்பையும் கூப்பர் தம் கதைநிகழ்வுகள் வழியே சோதித்துள்ளார் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கூப்பர், தோலுறையார் கதைகள், சுரிகுழல் துப்பாக்கி, மான் வேட்டை, வேட்டைச் சட்டம், நில உரிமை.

முன்னுரை

கூப்பர் எழுதிய தோலுறையார் கதைகள் ஐந்து. 'தி பயனியர்ஸ்' 1823இலும், 'தி லாஸ்ட் ஆஃப் தி மோஹிகன்ஸ்' 1826இலும், 'தி ப்ரெய்ரி' 1827இலும், 'தி பாத்ஃபைண்டர்' 1840இலும், 'தி டீர்ஸ்லேயர்' 1841இலும் வெளிவந்தன. ஐந்திலும் வரும் நேட்டி பம்ப்போ, எழுதப்பட்ட வரிசையில் முதலில் எழுபது வயதைக் கடந்த கிழவராகவும் கடைசியில் இளைஞராகவும் தோன்றுகிறார். மோஹிகன்களின் வீழ்ச்சியைப் பேசும் இரண்டாம் புதினமே உலகெங்கும் பெயர்பெற்றது. ஆயினும் வேட்டை, சட்டம், உடைமை ஆகிய மூன்றும் ஒரே முடிச்சாக இறுகுவது முதல் புதினத்தில்தான்.

1793ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் முந்தைய நாளில் கதை தொடங்குகிறது. களம் நியூயார்க் மாநிலத்தின் ஆட்ஸிகோ ஏரிக்கரையில் புதிதாக எழுந்த டெம்பிள்டன் என்னும் ஊர். கூப்பரின் தந்தை வில்லியம் கூப்பர் உருவாக்கிய கூப்பர்ஸ்டவுன் ஊரின் புனைவு வடிவம் அது. வில்லியம் கூப்பரும் ஒரு நீதிபதியே. அவர் கைக்கு வந்த நிலத்தின் உரிமை எத்தகைய விவாதங்களுக்கு இடமளித்தது என்பதை ஆலன் டெய்லர் 1995இல் வெளியிட்ட 'வில்லியம் கூப்பர்ஸ் டவுன்' விரிவாக எடுத்துரைக்கிறது. எனவே இப்புதினம் ஒரு மகன் தன் தந்தையின் ஊரையும் தந்தையின் நீதியையும் திரும்பிப் பார்க்கும் நூலும் ஆகும். நேட்டியை முற்ற ஆதரிக்கவும் டெம்பிளை முற்றக் கைவிடவும் கூப்பரால் இயலாமற்போனது இதனால்தான் எனக் கூறி அமையலாம். ஆனால் அவ்விளக்கம் வாழ்க்கை வரலாற்றளவில் நின்றுவிடுகிறது. பனுவல் இதனினும் கூர்மையானது.

'துப்பாக்கி' என்னும் ஒரே சொல்

தமிழில் இப்புதினத்தை வாசிப்பவருக்கும் மொழிபெயர்ப்பவருக்கும் முதல் பக்கங்களிலேயே ஓர் இடர் நேர்கிறது. நேட்டியின் கையிலிருப்பது ரைஃபிள். நீதிபதியின் கையிலிருப்பது உட்புறம் வழவழப்பான குழல்கள் கொண்ட இரட்டைக்குழல் துப்பாக்கி. தமிழ்ப் பேச்சுவழக்கில் இரண்டும் துப்பாக்கியே. கலைச்சொல் நோக்கில் முன்னதைச் சுரிகுழல் துப்பாக்கி என்பர். அச்சொல் புனைகதை நடையில் எளிதில் ஒட்டுவதில்லை. ஆனால் இவ்வேறுபாட்டை நழுவவிட்டால் முதல் இயலின் வாதமே நழுவிவிடும்.

இரண்டும் குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் வகையினவே. வெடிமருந்தை அளந்து குழலுக்குள் கொட்டி, ஈயத்தை அதன்மேல் வைத்து, கோலால் இடித்து இறுக்கி, விசையருகே உள்ள சிறு கிண்ணத்தில் கொஞ்சம் மருந்து தூவ வேண்டும். விசையை இழுத்ததும் சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும். கிண்ணத்து மருந்து பற்றி, ஒரு துளை வழியே உள்மருந்து பற்றும். இதில் எந்தப் படி பிசகினாலும் குண்டு வெளிவராது. சுரிகுழலில் இன்னொரு தடையும் உண்டு. அதன் உட்சுவரில் திருகாக ஓடும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்வதற்காக அமைந்தவை. அவற்றைக் குண்டு கவ்வ வேண்டுமாயின் நெய் தடவிய துணித்துண்டில் அதனைச் சுற்றி இறுக்கமாக உள்ளே செலுத்த வேண்டும். ஆகவே அதனை நிரப்பக் கூடுதல் நேரம் பிடிக்கும். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்துவந்த, குழல் மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல் நீளும் ரைஃபிள்கள் இவ்வகையின. அவை வேகத்தை விட்டுக்கொடுத்துத் துல்லியத்தைப் பெற்றன. வழவழப்பான குழலிலோ ஒரே வேட்டுக்குப் பல ரவைகளை இடலாம். குறி தளர்ந்தாலும் அவற்றுள் ஏதேனும் ஒன்று படும் என்பதே அதன் நம்பிக்கை.

இங்கு ஓர் இடைக்குறிப்புத் தேவைப்படுகிறது. நம் நாளிதழ்ச் செய்திகளில் அடிபடும் நாட்டுத் துப்பாக்கியும் வாய்வழி நிரப்பும் வகையினதே; ஆனால் பெரும்பாலும் வழவழப்பான குழல் உடையது. அந்த நினைவோடு கூப்பரை அணுகும் தமிழ் வாசகர், ஏழை வேட்டைக்காரனிடம் கரடுமுரடான கருவியும் செல்வரிடம் நுட்பமான கருவியும் இருக்கும் என எதிர்பார்க்கக்கூடும். புதினத்தில் நிலைமை தலைகீழ். நுட்பமான கருவி குடிசைவாசியிடமும் பரவலாகச் சிதறும் கருவி நிலக்கிழாரிடமும் உள்ளன. கூப்பர் இதனைத் தற்செயலாக அமைத்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாவது ரவை

மகள் எலிசபெத்தைப் பனிச்சறுக்கு வண்டியில் அழைத்துவரும் டெம்பிள், நாய்களின் குரைப்பைக் கேட்டு வண்டியை நிறுத்துகிறார். ஓடிவரும் கலைமானைச் சுடுகிறார். மரங்களுக்குப் பின்னிருந்தும் ரைஃபிள் வேட்டுகள் எழுகின்றன. மான் விழுகிறது. அதன் உடலில் இரு காயங்கள்: ஒன்று கழுத்தில், மற்றது இதயத்தில். அவற்றுள் ஒன்றேனும் தம்முடையது என்பது நீதிபதியின் கோரிக்கை. இறைச்சி அவருக்கு ஒரு பொருட்டன்று. மானை வீழ்த்திய பெருமையே அவர் வேண்டுவது.

அடுத்து நிகழ்வது ஒரு சிறு நீதிமன்ற விசாரணை. நேட்டியோடு வந்த இளைஞர் ஆலிவர் எட்வர்ட்ஸ், துப்பாக்கியில் எத்தனை ரவைகள் இட்டீர் என நீதிபதியைக் கேட்கிறார். ஐந்து என்கிறார் அவர். இளைஞர் தாம் மறைந்து நின்ற பைன் மரத்தைக் காட்டுகிறார். அதன் பட்டையில் நான்கு ரவைகள் புதைந்துள்ளன. தம் வழக்கை இளைஞர் தாமே கெடுத்துக்கொள்வதாக எண்ணிச் சிரிக்கும் டெம்பிள், ஐந்தாவது எங்கே என்கிறார். இளைஞர் மேலாடையை விலக்கிக் குருதி கசியும் தம் தோளைக் காட்டுகிறார்.

கணக்கு முடிந்தது, மான்மீது நீதிபதியின் ரவை ஒன்றும் படவில்லை. இக்காட்சியின் ஆற்றல் அதன் எண்கணிதத்தில் உள்ளது. ரைஃபிளின் ஒற்றைக் குண்டு எங்குச் சென்றது என்பதைச் சுட்டவர் அறிவார்; அதற்கு அவரே பொறுப்பு. ஐந்து ரவைகளை வீசியவரோ தாம் எதைச் சுட்டோம் என்பதைப் பிறர் எண்ணிச் சொல்லக் கேட்டே தெரிந்துகொள்கிறார். தாம் ஒரு மனிதரைச் சுட்டுவிட்டதை அறியாமலேயே ஒரு மானுக்கு உரிமை பேசிக்கொண்டிருந்தவர், பின்னர் அம்மாவட்டத்தின் நீதிமன்றத்தில் தலைமை ஏற்கப்போகிறவர்.

காயமுற்ற இளைஞர் யார் என்பது புதினத்தின் இறுதியில்தான் வெளிப்படுகிறது. அவர் எஃபிங்கம் குடும்பத்தின் வழித்தோன்றல். டெம்பிள் தம்முடையதாக ஆண்டுவரும் நிலத்தின்மீது உரிமை உடையவர். ஆக, முதல் இயலின் ஐந்தாவது ரவை அந்நிலத்தின் உரியவரைத் தைக்கிறது. மான் யாருடையது என்னும் கேள்வி நிலம் யாருடையது என்னும் கேள்வியின் முன்னோட்டமாக அமைகிறது. நீதிபதி தவற்றை உணர்ந்ததும் செய்வது யாது? காடுகளில் என்றென்றும் வேட்டையாடும் உரிமையை இளைஞருக்கு வழங்குகிறார். பணம் கொடுத்து மானை வாங்கிக்கொள்கிறார். தாராளமான செயல்தான். ஆனால் வழங்குவதற்கு அவ்வுரிமை முதலில் அவருடையதாக இருந்திருக்க வேண்டும். நேட்டி உடனே இடைமறிப்பது இதனைத்தான்: அம்மலைகளில் தாம் சுடும் உரிமை, அதனைத் தடுக்க டெம்பிளுக்குள்ள உரிமையினும் பழையது என்கிறார். அவரினும் பழைய உரிமையாளராகிய சிங்காச்குக், ஜான் மோஹிகன் என்னும் திருமுழுக்குப் பெயரோடு அதே ஊரில் முதுமையில் வாழ்கிறார். ஆனால் மான் வழக்கு நடக்கும் இவ்விடத்தில் அவர் இல்லை. இந்த இல்லாமை உறுத்துகிறது. கூப்பருக்கு உறுத்தியதா என்பது வேறு கேள்வி.

மாதங்களின் சட்டமும் கருவியின் சட்டமும்

தம் உரிமையைக் கூறிய கையோடு நேட்டி சொல்லும் ஒரு கருத்தைத் திறனாய்வு பெரும்பாலும் ஒரு கிழவரின் முணுமுணுப்பாகக் கடந்துசெல்கிறது. மான் வேட்டைக்குச் சட்டமா என்று வியக்கும் அவர், அப்படி ஒரு சட்டம் வேண்டுமாயின் அது வழவழப்பான குழல்களின் பயன்பாட்டைத் தடுப்பதாக இருக்கட்டும் என்கிறார்; அவற்றைச் சுடுபவர் தம் ஈயம் எங்குப் பறக்கும் என்பதை அறியார் என்பது அவர் காட்டும் காரணம். ஐந்தாவது ரவையைக் கண்ட வாசகர் இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. நேட்டி இங்குச் சட்டமறுப்பாளராகப் பேசவில்லை. அவர் ஒரு மாற்றுச் சட்டத்தை வரைகிறார்.

டெம்பிள் விரும்பி வரவேற்கும் சட்டம் வேறுவகை. சனவரி முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் மானைக் கொல்வோர்க்கு 12 பவுண்டு 10 ஷில்லிங் தண்டம் என்பது அது. மான் ஈனும் பருவத்தைக் காக்கும் இத்தகைய தடைக்காலங்கள் கூப்பரின் கற்பனை அல்ல. வட அமெரிக்கக் குடியேற்றங்களில் 17ஆம் நூற்றாண்டிலேயே அவை தோன்றிவிட்டன. டெம்பிளின் சட்டம் நாட்காட்டியைப் பார்க்கிறது. கையையும் கருவியையும் அது பார்ப்பதில்லை. யார் சுட்டாலும், எதனால் சுட்டாலும், எவ்வளவு தேவைக்குச் சுட்டாலும் மாதம் ஒன்றே குற்றத்தை முடிவுசெய்கிறது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் கொள்கைக்கு இது இயைந்ததே. நேட்டியின் சட்டமோ திறமையுடையவருக்குச் சார்பானது. நல்ல ரைஃபிளும் நல்ல கண்ணும் இல்லாத புதுக்குடியேறிக்கு அது காட்டை மூடிவிடும். இதனை நேட்டியின் ஆதரவாளர்கள் கவனிப்பதில்லை.

இரு சட்டங்களுக்கும் பொதுவான எதிரியைப் புறா வேட்டை இயல் காட்டுகிறது. வானை மறைத்துச் செல்லும் புறாக்கூட்டத்தின்மீது ஊரார் பீரங்கியையே திருப்புகின்றனர். நேட்டி பறக்கும் புறா ஒன்றை ஒற்றைக் குண்டால் வீழ்த்தி, அதனை எடுத்துக்கொண்டு நகர்கிறார். அங்கு அழிவைக் கண்டு டெம்பிளும் பின்னர் வருந்துகிறார். அப்பறவையினத்தின் கடைசி உயிர் 1914இல் சின்சினாட்டி விலங்குக்காட்சியகத்தில் மடிந்தது.

கிறிஸ்துமஸ் வான்கோழிப் போட்டியும் இங்கு நினைக்கத்தக்கது. நேட்டியின் சக்கிமுக்கி பொறி தராமல் வேட்டு எழவில்லை. எழாத வேட்டும் ஒரு வேட்டாகுமா என்பதில் தகராறு எழுகிறது. ஷெரிஃப் ரிச்சர்ட் ஜோன்ஸ் நேட்டி மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளிக்கிறார். சுடாத வேட்டுக்குத் தண்டம் என்னும் இந்நகைச்சுவை பின்னால் நகைச்சுவையாக இருக்கப்போவதில்லை.

ஜூலை மாத மான்

சட்டமீறல் நிகழும் இயலில் கூப்பர் எடுத்த ஒரு முடிவு வியப்புக்குரியது. ஜூலை மாதம். ஏரியில் நேட்டியும் எட்வர்ட்ஸும் சிங்காச்குக்கும் ஓடத்தில் உள்ளனர். நேட்டியின் நாய்கள் ஒரு கலைமானைத் துரத்தி நீரில் இறக்குகின்றன. அவற்றின் வார்களை யாரோ கத்தியால் அறுத்துவிட்டிருக்கிறார்கள். அது ஹைரம் டூலிட்டிலின் வேலை என்பது பின்னர்த் தெளிவாகிறது. சட்டத்தை நினைவூட்டும் எட்வர்ட்ஸே ஆசையின் இழுப்பில் சுருக்குக் கயிற்றை மானின் கொம்பில் வீசுகிறார். நேட்டி கத்தியால் அதன் கழுத்தை அறுக்கிறார்.

ரைஃபிள் பயன்படவில்லை. துப்பாக்கியின் அறத்தைப் பேசவந்த புதினத்தில், வழக்குக்குரிய மான் துப்பாக்கியால் கொல்லப்படவேயில்லை. நீந்தும் மானுக்குத் தப்பும் வழி இல்லை. தொலைவும் குறியும் மறு நிரப்பலின் தாமதமும் இல்லை. நேட்டியின் சொந்தச் சட்டம் எந்தக் கட்டுப்பாட்டைக் கருவியிடம் ஒப்படைத்திருந்ததோ, அக்கட்டுப்பாடு கருவி ஓய்ந்திருந்த நொடியில் அவரிடமும் இல்லாமற்போகிறது. டெம்பிளின் சட்டத்தை இகழ்ந்து அவர் எழுப்பும் மகிழ்ச்சிக் குரல் அவரது வழக்கமான நிதானத்தின் குரலன்று. இவ்விடத்தில் நேட்டி தம் சட்டத்தின் முன்னும் நலிந்தே நிற்கிறார் என்பது இவ்வாய்வாளரின் கருத்து. கூப்பர் தம் நாயகனிடம் காட்டிய இரக்கமின்மை இது. இப்புதினத்தின் நேர்மையும் இதில்தான் உள்ளது.

அன்றே அதே ரைஃபிள் வேறொரு பணியைச் செய்கிறது. மலைமீது எலிசபெத்தின்மேல் பாய இருந்த பெரும்பூனையை நேட்டி சுட்டுக் கொல்கிறார். நீதிபதியின் மகள் உயிர் பிழைக்கிறாள். அடுத்து, டூலிட்டில் சோதனை ஆணையோடு குடிசைக்கு வருகிறார். மானிறைச்சி ஒரு சாக்கு. நேட்டி குடிசையில் வெள்ளித்தாது மறைத்திருப்பதாக அவர் நம்புகிறார். உண்மையில் அங்கு மறைந்திருப்பவர் முதிர்ந்து தளர்ந்த மேஜர் எஃபிங்கம். நேட்டி ரைஃபிளை நீட்டி, உள்ளே நுழைய மறுக்கிறார்.

வழக்கு நடக்கும்போது மான் பின்னுக்குப் போய்விடுகிறது. டூலிட்டிலைத் தாக்கிய குற்றச்சாட்டிலிருந்து நடுவர்குழு நேட்டியை விடுவிக்கிறது. ஆயுதத்தால் ஆணையைத் தடுத்த குற்றம் உறுதியாகிறது. ஒரு மணிநேரம் தொழுமரம், ஒரு மாதச் சிறை, 100 டாலர் தண்டம். மானைக் கொன்ற கத்திக்கு இத்தண்டனை இல்லை. சுடாத ரைஃபிளுக்கே இத்தண்டனை. வான்கோழிப் போட்டியின் தீர்ப்பு இங்குத் தன் கடுமையான வடிவில் மீள்கிறது. தீர்ப்பளிப்பவர், அந்த ரைஃபிளால் தம் மகளைத் திரும்பப் பெற்றவர். அவர் தம் நன்றியைத் தனிப்பட்ட முறையில் பணமாகத் தர முன்வருகிறார், தீர்ப்பை மாற்றவில்லை. மானுக்கு விலை கொடுத்த முதல் இயலின் கை இதுவே. டெம்பிளைப் பாசாங்குக்காரர் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் பொருந்தாது. தனக்கு வேண்டியவருக்காகச் சட்டத்தை வளைக்கும் நீதிபதியை நாம் விரும்புவோமா என்பதையும் புதினம் கேட்கிறது.

கழுகு

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் கூப்பர் அதே ஏரிக்குத் திரும்பினார். 'தி டீர்ஸ்லேயர்' 1740களில் நிகழ்கிறது. கரையில் ஊர் இல்லை. தொடக்கத்திலேயே ஹரி மார்ச் ஓடத்திலிருந்து ஒரு மானைச் சுட்டுத் தவறவிடுகிறான். வேட்டொலி மலைகளில் முட்டி எதிரொலிக்கிறது. மான்கொல்லி எனப் பெயர்பெற்ற இளம் நேட்டி, இறைச்சிக்கோ தோலுக்கோ தேவையில்லாமல் தாம் உயிர் கொல்வதில்லை என்கிறார்.

இந்நிலைப்பாடும் சோதிக்கப்படுகிறது. ஜூடித் ஹட்டர் அவருக்குக் 'கில்டீர்' என்னும் பெயர்பெற்ற அருமையான ரைஃபிளைப் பரிசளிக்கிறாள். அதன் ஆற்றலை அறியும் ஆவலில், வெகு உயரத்தில் வட்டமிடும் கழுகு ஒன்றை அவர் சுட்டுவீழ்த்துகிறார். விழுந்த பறவையைக் கண்டதும் வெட்குகிறார். கையில் ஆற்றல் இருந்தும் அதனை ஆளத் தெரியாமை பற்றி வருந்துகிறார். இது ஒற்றைக் குண்டால், மிகத் துல்லியமான கருவியால், மிகச் சிறந்த குறியாளர் செய்த வீண்கொலை. வழவழப்பான குழலைத் தடைசெய்யும் சட்டம் இதனைத் தொடவும் இயலாது. துல்லியம் தானே ஓர் ஆசையாக மாறக்கூடும் என்பதை முதல் புதினத்தின் நேட்டி சொல்லவில்லை. ஐந்தாம் புதினத்தின் நேட்டி செய்துகாட்டுகிறார். மார்க் ட்வைன் 1895இல் எழுதிய புகழ்பெற்ற எள்ளல் கட்டுரை, கூப்பரின் குறிசுடும் அற்புதங்கள் நம்பத்தகாதவை எனப் பகடி செய்தது. பகடி பல இடங்களில் நியாயமே. எனினும் கழுகுக் காட்சியில் குறியின் அற்புதம் வெறும் வியப்புக்காக வைக்கப்படவில்லை. அற்புதமே அங்குக் குற்றமாகிறது.

நேட்டியின் சட்டம் நடைமுறையில்

வெண்வால் மான் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அமெரிக்காவின் பெரும்பகுதியில் அரிதாகி, 20ஆம் நூற்றாண்டில் தடைக்காலங்களாலும் எண்ணிக்கை வரம்புகளாலும் மீண்டது. அவ்வளவில் டெம்பிளின் சட்டம் வென்றது எனலாம். ஆனால் அதே நூற்றாண்டில் பல மாநிலங்கள், நியூயார்க் உட்பட, வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கெனத் தனி மான் வேட்டைப் பருவத்தை வகுத்தன. மாதத்தோடு கருவியையும் பார்க்கும் சட்டங்கள் இவை. டெம்பிளும் நேட்டியும் ஒரே விதியில் கையெழுத்திட்டது போன்றவை. நிரப்ப நேரம் பிடிப்பதும், ஒரே குண்டு என்பதும், ஈரத்தில் வேட்டு எழாமற்போவதும் இச்சட்டங்கள் மதிக்கும் இயல்புகள்.

1985இல் நைட் நிறுவனத்தின் எம்.கே.-85 வெளிவந்ததும் இந்த ஒப்பந்தம் ஆட்டம் கண்டது. குழலின் நேர்பின்னே வெடிப்பொறி அமைந்த அத்துப்பாக்கியும் அதன் வழிவந்தவையும், வாயால் நிரப்பப்பட்டாலும், தோற்றத்திலும் தொலைவிலும் தற்கால ரைஃபிளை நெருங்கின. தொலைநோக்கி பொருத்தலாமா, எவ்வகை மருந்து இடலாம் என மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடலாயின. நுட்பமான கருவி தன்னைக் கட்டுப்படுத்தும் விதியைச் சுற்றிவரும் என்னும் கழுகுக் காட்சியின் ஐயம் இங்கு வணிக வடிவில் வந்தது. பென்சில்வேனியா மட்டும் கிறிஸ்துமசுக்குப் பிந்தைய தன் சிறப்புப் பருவத்தில் சக்கிமுக்கிக் கல்லையே வற்புறுத்திவருகிறது. நேட்டியின் கையிலிருந்தது போன்ற நீள் ரைஃபிள்களை அக்கொல்லர்கள் செய்ததும் அம்மாநிலத்தில்தான். அங்கும் எழாத வேட்டு வேட்டாகாது. வேட்டைக்காரர் மீண்டும் கிண்ணத்தில் மருந்து தூவலாம், மான் அதுவரை நின்றால்.